சும்மா விட்டு வளர்த்ததாகச் சொன்ன மகளுக்கு

மகளே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு அந்த ஆவல் இப்போது இல்லை. புதுத் தாலி, புது வீடு, ஜொகூர் பாரு வெயில் எல்லாம் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும், நன்றாகத்தான் இருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்கப் போவதில்லை. ஆகையால் இரண்டு பேருக்கும் அந்த வரியை மிச்சம் பண்ணிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, பஸ் வந்துருச்சு, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்கு பஸ் வராது. உன் வீட்டுக்காரரும் இதைப் படிக்கட்டும், அந்த நர்சரி டீச்சரும் படிக்கட்டும், உன் மாமியார் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கட்டும். ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

உன் கல்யாணம் முடிந்த கையோடு பையனை நர்சரியில் சேர்க்கப் போனோமே, அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் நீ. உனக்குப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் நான், என் மடியில் உன் மகன் யுவன். பையன் என் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். டீச்சர் மரியாதையாகத்தான் கேட்டாள். "பையன் இதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு? வீட்டுல என்னா ஆக்டிவிட்டி செஞ்சீங்க? தண்ணி, மாவு, மண்ணு, இப்படித் தொட்டு விளையாடுற சென்சரி பிளே ஏதாவது?" நீ சிரித்தாய். "அதெல்லாம் இல்ல டீச்சர். கேமரன் மலையில எங்கப்பாகிட்ட இருந்தான். எஸ்டேட்தானே லா, சும்மா விட்டு வளத்துட்டாங்க" என்றாய். டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சேர்ந்து சிரித்தேன். நாலு பேர் முன்னால் பெற்ற மகளை மறுத்துப் பேச வேண்டாமே என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

சும்மா. ஆமாம்மா, சும்மாதான். பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அவனைப் பெற்ற மகராசன் ஒரு நாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். நீ சிங்கப்பூர் ஃபேக்டரி வேலையை விட முடியாது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே ரிங்லெட்டில் வந்து இறங்கினாய். உன் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓய்வு வாங்கி, எஸ்டேட் துரை பெரிய மனசு பண்ணி விட்டுவைத்த லைன் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாளைக்குப்பா" என்றாய். அந்தக் கொஞ்ச நாளில் அவனுக்குப் பல்லெல்லாம் முளைத்து, நடந்து, ஓடி, கதவுத் தாழ்ப்பாள் திறக்கப் பழகிவிட்டான். நான் ஒரு வார்த்தை முணுமுணுத்தேனா? இல்லை. ஆனால் போன வாரம் வரைக்கும் முணுமுணுக்காததை எல்லாம் இப்போது சேர்த்து எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அந்த சென்சரி பிளேயை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்கிறாய்? நீதான். நீ மறந்துபோனாய். அங்கே போன மறு வாரமே என் போனுக்கு வீடியோவாக அனுப்பித் தள்ளினாய். "அப்பா, புள்ளைக்கு எப்பப் பாத்தாலும் போனக் குடுக்காதீங்க. இதெல்லாம் செய்ங்க, மூளைக்கு நல்லது." நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று ஒரு வீடு, தரையில் வெள்ளைக் கம்பளம், நகத்தில் அழுக்கில்லாத ஒரு பெண். மரத் தட்டில் கலர் அடித்த அரிசி, கலர் அடித்த மக்ரோனி, சவர நுரை. நான் உனக்குப் போன் அடித்து, "ஏம்மா, அரிசிக்குச் சாயம் போட்டுக் கீழ கொட்டச் சொல்றாளே, காலுல மிதிபடாதா?" என்று கேட்டேன். "ஐயோ அப்பா, இருக்கறத வச்சுச் செய்ங்க லா" என்றாய். நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் சொன்ன வார்த்தை அது. நான் அதைக் கோயில் வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இருப்பதை வைத்துத்தான் செய்தேன். முதலில் தண்ணீர். வீடியோவில் ஐஸ்கட்டியை மிதக்க விட்டார்கள். நம் குழாய்த் தண்ணீரே ஐஸ்தான், அதில் விரலை விட்டாலே பையன் வீல் என்று கத்துவான். அடுப்பில் ஒரு கெட்டில் காய்ச்சி, பச்சைத் தண்ணீரில் கலந்து, என் முழங்கையை விட்டுப் பார்த்து, வெயில் வாசலுக்கு வந்த பிறகு அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி வைப்பேன். ஒரு கரண்டி, ஒரு டம்ளர், அடி ஓட்டையான ஒரு மக்கு. ஓட்டை மக்கு இருக்கிறதே, அதுதான் அவனுக்கு உயிர். மொண்டு மேலே தூக்குவான், தண்ணீர் ஒழுகி வயிற்றில் விழும், "ஆ!" என்பான், என்னைப் பார்ப்பான், நானும் "ஆ!" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபம் வந்துவிடும் துரைக்கு. பேசினை விட்டு ஒரு எட்டு நகர மாட்டேன். வாசலில் யார் கூப்பிட்டாலும், அடுப்பில் சோறு பொங்கினாலும், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவேன். அரையடித் தண்ணீர் போதும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோக. அதை எந்த வீடியோ பார்த்தும் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் மாவு. கோதுமை மாவில் உப்பும் எண்ணெயும் போட்டுச் சப்பாத்திக்குப் பிசைவதை விடக் கொஞ்சம் தளரப் பிசைந்து, பீட்ரூட் தண்ணீர் விட்டால் ஒரு உருண்டை சிவப்பு, மஞ்சள்தூள் போட்டால் ஒரு உருண்டை மஞ்சள். உப்பு மாவைத் தின்றுவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக் கையை என் வேட்டியில் துடைத்தான். நான் வற்புறுத்தவில்லை. நான் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு விரலால் குத்தினான். அடுத்த வாரம் முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டு நின்றான். சாக்கு ஒன்று, கால்மிதி ஒன்று, பழைய பாய் ஒன்று, கடைசியில் பேசினில் கொஞ்சம் ஈரமணல் என்று வரிசையாகப் போட்டு வெறுங்காலோடு நடக்க விட்டேன். சாக்கு வந்ததும் நின்று குனிந்து பார்ப்பான். அகர் அகர் ஜெல்லி காய்ச்சி ஆறவைத்துக் கையில் கொடுத்தால் பிசைந்து தலையில் தேய்த்துக்கொள்வான், பாதியைத் தின்பான். பக்கத்து லைன் சரோஜாக்கா வேலி ஓரம் நின்று கேலி பண்ணுவாள். "என்னா அண்ணே, கெழட்டு வயசுல மாவு உருட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க? நீங்க வெளையாடறீங்களா, புள்ள வெளையாடுதா?" "ரெண்டு பேரும்தான், நீயும் வர்றியா?" என்பேன். உண்மையில் நான் அங்கே உப்புக்குச் சப்பாணி. ஆட்டம் அவனுடையது.

சரி, பூவுக்கு வருகிறேன். நீ எப்படியும் அதைத்தான் எடுப்பாய், நானே எடுத்துவிடுகிறேன். திரிங்காப்பிலிருந்து பூ ஏற்றிப் போகும் மணியம் லாரியை நிறுத்தி, கழித்துப்போட்ட சாமந்திப் பூவை ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனான். "பேரனுக்குப் பிச்சுப் போடட்டும்னு கொண்டாந்தேன் அண்ணே." மஞ்சளும் வெள்ளையுமாக அவ்வளவு பூ! பேரன் அதில் உட்கார்ந்து இதழ் இதழாகப் பிய்த்துத் தூவினான். எனக்கும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். இந்த மலையில் பூவென்றால் மருந்து அடித்த பூதான் என்று தெரிந்தவன் நான். கடைக்குப் போகிற பூவுக்குத்தானே மருந்து, கழித்த பூவுக்கு என்ன என்று என் புத்தி அன்றைக்குக் கணக்குப் போட்டது. கழிப்பது மருந்து அடித்த பிறகுதானே, மடையா! சாயங்காலம் பிள்ளைக்குக் கையெல்லாம் தடிப்பு. ரிங்லெட் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் மிஸ்ஸி மருந்து போட்டாள், திட்டினாள், வாங்கிக்கொண்டேன். மறைத்தேனா? அங்கிருந்தே உனக்குப் போன் அடித்துச் சொன்னேன். நீ அழுதாய், கத்தினாய். பெற்றவள், கத்த வேண்டியதுதான். இரண்டு நாளில் தடிப்பு மறைந்துவிட்டது. ஆனால் நீ அதை மறைய விடவில்லை. உன் கல்யாணப் பந்தியில்கூட மாமியாரிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். தண்ணீர் பேசினைச் சொல்லவில்லை, மாவைச் சொல்லவில்லை. பிள்ளையை நான் வளர்த்த காலம் முழுக்க உனக்கு அந்த ஒரு பெட்டிப் பூ மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அம்மா கொழுந்து பறிக்கப் போவாள், நான் ஃபேக்டரிக்குப் போவேன், உன்னை ஆயாக் கொட்டகையில் விடுவோம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படுத்திருக்கும். சாயங்காலம் தூக்கி வருவோம், சோறு ஊட்டுவோம், நீ தூங்கிப் போவாய். உனக்கு எதைத் தொட்டால் கூசும், எதைத் தொட்டால் சிரிப்பு வரும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்காக உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. வேலைக்குப் போகாவிட்டால் சோறில்லை, அவ்வளவுதான். நீயும் இப்போது அதே வேலைக்காகத்தானே பிள்ளையை என்னிடம் விட்டாய்? நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கிடைக்காதது என் கடைசிக் காலத்தில் உன் பிள்ளை வழியாகக் கிடைத்தது. அவன் உள்ளங்கையில் ரேகை எங்கே ஓடுகிறது, எந்த விரலை முதலில் நீட்டுவான், ஈரத்தைத் தொடும் முன் எப்படி மூச்சைப் பிடிப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். அதைத்தான் நீ அந்த மேஜையில் வைத்துச் சும்மா என்றாய்.

அதோடு விட்டாயா? என்னை ஊருக்கு பஸ் ஏற்ற வந்தபோது சொன்னாயே, அது அதற்கு மேல். "அப்பா, கொஞ்ச நாளைக்கு வராதீங்க. போன்லயும் முகத்தக் காட்டாதீங்க. உங்களப் பாத்தா அவன் இவருகிட்டப் போவ மாட்டேங்கறான். செட் ஆவட்டும்." நான் கேட்டேன், "எத்தன நாளைக்கும்மா?" "ஒரு வருஷம் போவட்டுமே." உன் வீட்டுக்காரர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றார். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். ரசத்துக்குப் போட்ட கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டாய். இரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? அடுத்த முறை பார்க்கும்போது நான் அவனுக்கு யாரோ. முகம் மறந்துபோகும், குரல் மறந்துபோகும். இதைத் தெரிந்துதான் சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று அடிவாரத்துத் தாப்பாவில் இறங்கி மலையேறுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். வேறு வழி உனக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

போன வாரம் நீ கூப்பிட்டாய். பெயரைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன். சாப்பிட்டீங்களாப்பா என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று பார்த்தேன். பின்னால் பையன் அழுகிற சத்தம். சாதாரண அழுகை இல்லை அது. மூச்சை உள்ளே இழுத்து, சத்தமே வராமல் போய், அப்புறம் வெடிக்கிற அழுகை. எனக்குத் தெரியாதா? "அப்பா, ராத்திரி ஆனா இப்படித்தான் அழுவறான். இவரு தூக்கப் போனா ஒதைக்கிறான். நர்சரிலயும் மண்ணுல கை வைக்க மாட்டேங்கறானாம், ஒரு மூலையில நிக்கிறானாம். இப்படி அழுதா நீங்க என்னா செய்வீங்க?" என்று கேட்டாய். நான் சொன்ன பதில் உனக்கும் ஞாபகம் இருக்கும். "நான் என்னாத்தச் செஞ்சேன்? சும்மா விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். ஒரு டீ போட்டுக் குடித்தேன். ஆனால் நீ மட்டும் அழுதிருந்தால் அந்த டீ உள்ளே இறங்கியிருக்கும். அழுதது அவன். உன் மேல் இருக்கிற ஆத்திரத்துக்கு அவனை அழவிட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அதனால் சொல்கிறேன். உனக்காக இல்லை.

இதோடு ஒரு பிஸ்கட் டின் வருகிறது. உள்ளே இருப்பது தேயிலைக் குச்சி. இலையைச் சலித்த பிறகு ஃபேக்டரியில் ஒதுக்குவார்களே, ஊசி ஊசியாக, பழுப்பாக, அதுதான். தூசு மூக்கில் ஏறக்கூடாதென்று மறுபடியும் சலித்து, வெயிலில் காயவைத்து அடைத்திருக்கிறேன். பையனுக்கு இந்த வீட்டில் ஒரே பயம், தகரக் கூரையில் விழுகிற மழை. பெரிய மழை கொட்டினால் இப்போது நீ கேட்கிற இதே அழுகைதான் அழுவான். தூக்கிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், போனைக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அப்படி அழுதுகொண்டிருந்தபோது, ரோஜாச் செடிக்குப் போட வைத்திருந்த குச்சியில் ஒரு பிடி அள்ளி, கவிழ்த்துவைத்த டின் மூடி மேல் மெதுவாகக் கொட்டினேன். சரசர என்று மழைச் சத்தம், ஆனால் சின்ன மழை. அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அப்புறம் அவன் புறங்கையில் கொட்டினேன். "மழை வருது... மழை வருது... நின்னு போச்சு." கையைத் திருப்பி உள்ளங்கையை நீட்டினான். அன்றிலிருந்து எந்த அழுகைக்கும் அதுதான் மருந்து.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன், அவசரப்படாதே. விளக்கைக் குறைத்துவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார வேண்டும். சோபாவில் உட்கார்ந்து செய்தால் வர மாட்டான். அவனைக் கூப்பிடாதே, இழுத்து மடியில் வைக்காதே. டின்னைத் திறந்து வைத்துவிட்டு முதலில் மூடியில் கொட்டு. வாசனை அவனுக்குத் தெரியும், நான் இத்தனை வருஷம் ஃபேக்டரியில் வாங்கிய வாசனை அது, என் சட்டையிலும் அதுதான். தானாக வருவான். வந்து கையை நீட்டினால் புறங்கையில் கொட்டு, உள்ளங்கையில் கொட்டாதே. உள்ளங்கையை அவனே திருப்பிக் காட்டுவான், அதுவரை பொறு. வாயில் போடப் போனால் "கசப்பு" என்று சொல், போட மாட்டான். விளையாடி முடித்ததும் எண்ணாமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் அவனோடு சேர்ந்து அள்ளி டின்னில் போடு. அள்ளுவதும் ஆட்டம்தான். நாலு நாள் இப்படிச் செய்தால் நர்சரி மண்ணிலும் கை வைப்பான்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்று வந்தேன். நீ கொட்டாதே. உன் வீட்டுக்காரரைக் கொட்டச் சொல். பெரிய கைதான் அவனுக்குப் பழக்கம். கொட்டும்போது பிள்ளை குச்சியைப் பார்க்க மாட்டான், கொட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பான். "நின்னு போச்சு" என்று சொல்லும்போது அவரும் கண்ணை அகல விரித்து அவனைப் பார்க்கட்டும், கூச்சப்பட வேண்டாம் என்று சொல். முதல் நாள் முறைப்பான். பிறகு ஒரு நாள் சிரிப்பான். அந்தச் சிரிப்பு வந்துவிட்டதென்றால் அதற்கப்புறம் என்னைத் தேட மாட்டான்.

டின் மூடியை இறுக்கமாக மூடிவை. ஈரம் பட்டால் சத்தம் வராது.

அப்பா